கோட்டுக்குப் பின் வண்ணம்: வடசென்னைக்கு ஒரு திறந்த மடல்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களின் பெரியோர்க்கும், பள்ளி ஓவிய ஆசிரியர்க்கும், படிப்பகங்களையும் மன்றங்களையும் நடத்துவோர்க்கும், பிள்ளைகள் கைப்பேசியில் என்ன வரைகிறார்கள் என்று எட்டிப்பார்க்கும் பெற்றோர்க்கும், நெதர்லாந்தின் துறைமுக நகரான ரோட்டர்டாமில் வாழும் இராயபுரத்துக்காரர் ஒருவர் வணக்கத்துடன் விடுக்கும் மடல்.

இம்மடலின் பொருள், டிஜிட்டல் ஓவியத்தின் அடிப்படைகளை இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றின் மூலம் முறையாகக் கற்பது பற்றியதாகும். காகிதத்துக்கும் மைக்கும் மாற்றாகத் திரையையும் மின்னணுப் பேனாவையும் கொண்டு வரையப்படும் படங்கள் யாவும் இங்கே டிஜிட்டல் ஓவியம் எனக் கொள்ளப்படுகின்றன. சினிமா போஸ்டர், கல்யாண பிளக்ஸ், கணினி விளையாட்டின் காட்சி, பாடநூல் படம், பனியனில் அச்சாகும் உருவம் ஆகியவை இன்று பெரும்பாலும் இவ்வழியிலேயே பிறக்கின்றன. வடசென்னை இளைஞர் பலர் இதில் ஏற்கெனவே இறங்கிவிட்டனர். ஐபிஸ் பெயிண்ட் போன்ற செயலிகளில் விரலாலேயே வரையப்பட்ட அம்பேத்கரும் முகமது அலியும் ரஜினியும் வாட்ஸப் வழியே கடல் கடந்தும் வந்து சேர்கின்றனர். அப்படங்களில் ஆர்வத்துக்கும் பொறுமைக்கும் குறைவில்லை. ஆனால் முகத்தின் பளபளப்பு கைவந்த அளவுக்குக் கழுத்து தோளில் பொருந்துவது கைவரவில்லை; பிரஷ்ஷின் பெயர் தெரிந்த அளவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பது தெரியவில்லை. துண்டு துண்டான காணொளிகளில் கற்போர்க்கு எதற்குப் பின் எது என்னும் வரிசை கிட்டுவதில்லை என்பதே இதற்குக் காரணமாகும். அவ்வரிசையை நல்லதோர் இணையப் பாடத்திட்டம் இலவசமாகவே தருகிறது; ஆனால் வரைந்ததைப் பார்த்துத் திருத்தும் கண்ணை அது எளிதில் தருவதில்லை; அந்தக் கண் வடசென்னையிலேயே இருக்கிறது என்பது இம்மடலின் வாதம்.

ஓவியத்தை வரிசைப்படி கற்பித்தல் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று பிரகாசம் சாலை என வழங்கும் போபம்ஸ் பிராட்வேயில்தான், அதாவது இராயபுரத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில்தான், முதலில் இயங்கியது. பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது, எழும்பூரை அடுத்த பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அது நிலைகொண்டது, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராவார். கலைப்பள்ளி அக்காலத்தில் தொழிற்பள்ளியாகவும் கருதப்பட்டது. மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம் ஆகியவற்றுக்கெல்லாம் வரைதலே வாயில் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. அந்த எண்ணத்தின் எளிய வடிவம் ஒன்று அரசுத் தேர்வுத் துறையின் தொழில்நுட்பத் தேர்வுகளில் இன்றும் எஞ்சியுள்ளது: ஓவிய ஆசிரியர்கள் ‘லோயர்’ என்றும் ‘ஹையர்’ என்றும் சுருக்கிச் சொல்லும் இரு நிலைத் தேர்வுகளில், கருவியின் துணையின்றிப் புறக்கோடு வரையும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும், எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்கும் இடம்பெறுகின்றன. திருவொற்றியூரில் ஐம்பது வயதைக் கடந்த ஓவிய ஆசிரியர் எவரைக் கேட்டாலும், குடமும் செங்கல்லும் வரைந்து தேறிய கதையைச் சொல்வார். இணையத்தில் இன்று ‘ஃபண்டமெண்டல்ஸ்’ என்ற பெயரில் உலாவுவது பெரிதும் அந்தக் குடமும் செங்கல்லுமே ஆகும்.

டிஜிட்டல் ஓவியர்களிடையே உலகெங்கும் பெயர்பெற்ற டிராபாக்ஸ் என்னும் இலவசப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். கணினியில் வரைய விரும்புவோரே அதில் மிகுதியாகச் சேர்கின்றனர். ஆயினும் அது முதலில் கணினியை ஒதுக்கச் சொல்லி, 0.5 மில்லிமீட்டர் முனையுள்ள மைப்பேனாவால் காகிதத்தில் வரையச் சொல்கிறது. அழிக்க இயலாத மை, கோடு போடுமுன் சிந்திக்கும் பழக்கத்தைக் கைக்குத் தருகிறது என்பது அதன் நியாயம். மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளிலிருந்து கையை அசைப்பது, காகிதத்தைத் தொடாமல் கோட்டின் பாதையை இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டிப்பார்த்துவிட்டு ஒரே வீச்சில் போடுவது, பிறகு நீள்வட்டம், பிறகு பெட்டி என்று அது மெல்ல நகர்கிறது. பெட்டிகளை மட்டும் 250 வரையச் சொல்லும் அதன் புகழ்பெற்ற பயிற்சியில் பலர் மனம் தளர்ந்து நின்றுவிடுகின்றனர். பயிற்சிக்குச் செலவிடும் நேரத்துக்கு இணையான நேரத்தைத் தம் விருப்பப்படி வரைவதற்கும் ஒதுக்க வேண்டும் என்னும் விதியும் அதில் உண்டு. இவ்விதியைப் பலர் சலுகை என்று எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே அப்பாடத்திட்டத்தின் அறிவார்ந்த பகுதி எனலாம், ஏனெனில் அஜித்தையோ அனிமே வீரனையோ வரையும் ஆசை அடங்கிவிட்ட மாணவர் பெட்டி வரைவதையும் விரைவில் விட்டுவிடுவார்.

ஐம்பது கைக்குத்துகளைக் கற்பிப்பதாகச் சொல்லும் காணொளிக்கும், கால்வைப்பைத் தவிர வேறொன்றையும் மாதக்கணக்கில் கற்பிக்காத குத்துச்சண்டை வாத்தியாருக்கும் உள்ள வேறுபாட்டை இராயபுரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் ஆகிய குத்துச்சண்டைப் பரம்பரைகள் கையுறையைக் காட்டுமுன் காலைத் திருத்திய மரபைச் சேர்ந்தவை. ஓவியத்தில் அந்தக் கால்வைப்புக்கு நேரானவை உருவம், தொலைநோக்கு, ஒளிநிழல் ஆகிய மூன்றும் ஆகும். வண்ணம் இவற்றின் பின்னரே வருகிறது.

உருவம் என்பது ஒரு பொருளின் புறக்கோட்டை அன்றி அதன் கனத்தைக் குறிக்கும். தொலைநோக்கு என்பது கண்ணிலிருந்து விலகும் இணைகோடுகள் யாவும் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதுபோல் தோன்றும் இயல்பைக் கணக்காக வரைந்துகாட்டும் முறையாகும். இத்தாலியின் ஆல்பெர்ட்டி 1435இல் இதனை நூலாக எழுதிவைத்தார். இவ்விரண்டையும் கற்க வடசென்னையைப் போல வாய்ப்பான இடங்கள் மிகச் சிலவே. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக மணிக்கணக்கில் காத்துநிற்கும் டிரெய்லர் லாரிகளின் மீதுள்ள கண்டெய்னர்கள் உலகமெங்கும் ஒரே தர அளவுகளில் அமைந்தவை. இருபதடிக் கண்டெய்னர் 6.06 மீட்டர் நீளமும் 2.44 மீட்டர் அகலமும் 2.59 மீட்டர் உயரமும் கொண்டது. அளவு ஒன்றாகவும் நிற்கும் கோணம் வேறாகவும் உள்ள பெட்டிகளை வரிசையாகக் காட்டும் அச்சாலை, 250 பெட்டிப் பயிற்சிக்கெனவே அமைந்ததுபோல் உள்ளது. அப்பகுதி மக்களுக்கு அது தரும் தொல்லைக்கு இது ஈடாகாது என்பது வேறு. மணலியின் எண்ணெய்த் தொட்டிகள் நீள்வட்டத்தைக் கற்பிக்கும்: உருளையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு அருகே வருந்தோறும் நீள்வட்டம் ஒடுங்கி, கண்மட்டத்தில் நேர்கோடாகவே ஆகிவிடுகிறது. புதியோர் செய்யும் பிழை, தொட்டியின் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் ஒரே அகலமுள்ள நீள்வட்டங்களாக வரைந்துவிடுவதாகும். அப்பிழையைத் தாமே கண்டுபிடிப்பது அவர்களுக்கு அரிது, பக்கத்தில் நிற்பவர்க்கோ ஒரு நொடி வேலை.

ஒளிநிழல் என்று இங்கே குறிக்கப்படுவது, பாடத்திட்டங்கள் ‘வேல்யூ’ என்று வழங்கும் ஒன்று. நிறத்தை மறந்துவிட்டுப் பார்க்கும்போது ஒரு பரப்பு எவ்வளவு வெளிறியது, எவ்வளவு இருண்டது என்னும் படிநிலை அது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஐந்து படிகளை மட்டும் வைத்துக்கொண்டு காட்சி முழுவதையும் வரைந்துகாட்டுவது அதன் முதற்பயிற்சியாகும். கீழைக் கடற்கரையில் காலைவெயில் கடலின் பக்கத்திலிருந்து தாழ்வாக வருகிறது. காசிமேட்டில் ஏழு மணிக்குப் படகின் கடல்நோக்கிய பக்கம் ஒளிர்ந்து, கரைநோக்கிய பக்கம் நிழலில் நிற்க, பகல் திரும்பியபின் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. ஒரே படகை இருவேளையும் ஐந்து படிகளில் வரைந்த மாணவர்க்கு, நிழலில் உள்ள வெள்ளைப் படகு வெயிலில் உள்ள நீலப்படகைவிட இருண்டு தோன்றக்கூடும் என்பது விளங்கிவிடும். பின்னர் அவர் எந்த மென்பொருளில் வரைந்தாலும் படம் தட்டையாகத் தோன்றாது. தொலைவிலுள்ள பொருள்கள் வெளிறி, விளிம்பு மங்கி, நீலம் ஏறித் தோன்றுவதற்குக் காற்றும் அதிலுள்ள ஈரமும் தூசியும் காரணமாகும் என்று பாடத்திட்டங்கள் கூறும். எண்ணூரின் மங்கலில் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பாடத்திட்டம் கூறாது. அதனை வரையத் தெரிந்தவர் அங்கே வாழ்பவரே.

இவ்வளவுக்கும் பின்னரே கணினிக்கு வேலை வருகிறது. டிஜிட்டல் படம் பிக்சல் எனப்படும் மிகச்சிறு சதுரங்களின் அணிவகுப்பாகும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்னும் அச்சுத்தரத்தில் ஓர் ஏ4 தாள் 2480க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல்களைக் கொண்டிருக்கும். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை ஆகிய நான்கையும் நான்கு பைட்டுகளில் தாங்குவதால், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த கண்ணாடித்தாள் எனத்தக்க லேயர் ஒன்றுக்குச் சுமார் 35 மெகாபைட் நினைவகம் வேண்டும்; இருபது லேயர் போட்டால் அது 700 மெகாபைட்டை எட்டும். அரசு தந்த பழைய இலவச மடிக்கணினியில் படம் திணறுவதற்கு மாணவரின் கையோ கணினியின் பழுதோ காரணமன்று, இந்தப் பெருக்கலே காரணம் என்று அறிந்தவர், லேயர்களை அவ்வப்போது ஒன்றாக்கிக்கொண்டு அதே கணினியில் வேலையை முடித்துவிடுவார். சாலையோரப் பெரிய பிளக்ஸுக்கு 300 தேவையில்லை, தொலைவிலிருந்து பார்க்கப்படுவதால் அதில் கால்பங்குக்கும் குறைந்த அடர்த்தியே போதும் என்பதும் இதே கணக்கின் மறுபக்கமாகும்.

நிழல் போடுவதற்குப் பலரும் பயன்படுத்தும் மல்டிப்ளை என்னும் லேயர் வகையும் பெருக்கலே. கறுப்பைச் சுழியென்றும் வெள்ளையை ஒன்றென்றும் கொண்டால், 0.8 ஒளியுள்ள தோலின்மேல் 0.5 ஒளியுள்ள நிழல் லேயர் படியும்போது விடை 0.4 ஆகும். வெள்ளையால் பெருக்கினால் எதுவும் மாறாது, எதனால் பெருக்கினாலும் அடியிலுள்ளதைவிட வெளிறாது. ஆதலால் நிழலுக்கு உகந்த அவ்வகை, ஒளி போடுவதற்கு ஒருபோதும் உதவாது. காணொளிகள் ‘மல்டிப்ளை வையுங்கள்’ என்று மட்டும் சொல்லிச் செல்கின்றன. ஏன் என்பதைச் சொல்லும் இடத்தில்தான் பாடத்திட்டம் தொடங்குகிறது. அச்சுக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே: திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் தருகிறது, அச்சு இயந்திரமோ சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் ஒளியைக் குறைத்து நிறம் தருகிறது, இதனால் திரையில் மின்னிய பச்சையும் நீலமும் பிளக்ஸில் சோர்ந்துபோய் வருவதை ஊரிலுள்ள அச்சுக்கடைக்காரர் அனைவரும் அறிவர்.

கருவிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரிட்டா, கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் ஆகியவை விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். திருட்டுப் பிரதி எடுத்த ஃபோட்டோஷாப்பைவிட இவை எவ்வகையிலும் கௌரவக் குறைவானவை அல்ல. இவற்றுள் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எப்படி இயங்குகின்றன என்பதைத் தமிழ்க்குரலிலேயே விளக்கும் பாடங்களை மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போகன் டுடோரியல் திட்டம் வெளியிட்டுள்ளது. பத்து நிமிட அளவில் அமைந்த அவற்றை ஒருபுறம் ஓடவிட்டு மறுபுறம் தாமும் செய்துபார்க்க வேண்டும் என்பது அதன் முறை. திரையில்லாத பென் டேப்லட், அதாவது பேனாவின் அழுத்தத்தையும் நகர்வையும் கணினிக்கு அனுப்பும் பலகை, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்கும் சங்கடம் சில வாரங்களில் பழகிவிடும்.

இணையப் பாடத்திட்டத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த இணையப் படிப்புகளில் சேர்வோருள் மிகச் சிலரே முடிக்கின்றனர். 2012 வாக்கில் அவை பெருமளவில் பரவத் தொடங்கிய நாள்முதலே இது கண்கூடு. வரைந்ததை எவரும் பாராத நிலையில் ஐம்பதாவது பெட்டிக்கு மேல் தனியாக வரைவது எளிதன்று. கட்டணம் வாங்கித் திருத்தித்தருவோர் உண்டு. அக்கட்டணம் டாலரில் இருக்கும், திருத்தம் ஆங்கிலத்தில் இருக்கும். அருகில் நின்று திருத்தும் முறைக்கு, மடலாசிரியர் வாழும் ரோட்டர்டாமில் ஒரு பழைய முன்மாதிரி உள்ளது. அங்கே 1904இல் பிறந்த வில்லெம் டி கூனிங் பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டு, அலங்கார ஓவியக் கடை ஒன்றில் தொழில்பழகச் சேர்ந்து, இரவில் நகரக் கலைக்கழகத்தின் வகுப்புக்குச் சென்றார். 1921 வாக்கில் அவர் வரைந்த கிண்ணமும் குடுவைகளும் உள்ள கரிக்கோட்டுப் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒளிநிழல் பயிற்சி என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1926இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா சென்று, அங்கே உருவங்களைச் சிதைத்து வரைந்து பெரும்புகழ் பெற்ற அவரது பெயரையே அக்கலைக்கழகம் இன்று தாங்கியுள்ளது. பகலில் கடையும் இரவில் வகுப்புமாகக் கழிந்த அவரது இளமையில் இரண்டிலும் மேலே நின்று பார்ப்பவர் ஒருவர் இருந்தார் என்பதே இங்கே கருதத்தக்கது.

அத்தகைய கண்கள் வடசென்னையில் உள்ளன, ஆனால் அவை இன்று எதையும் பார்க்க அழைக்கப்படுவதில்லை. கட்டம் போட்டு முகத்தை நாற்பதடிக்குப் பெருக்கிய பேனர் ஓவியர்கள், பிளக்ஸ் வந்தபின் தொழிலிழந்து வேறு வேலைக்குப் போனவர்கள், ஒளிநிழலைத் தூரத்திலிருந்து படிக்கும் வித்தையை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். அடியில் நின்று வரைந்தது சாலையின் மறுபக்கத்திலிருந்து எப்படித் தோன்றும் என்பதே அவர்களது தொழிலறிவாக இருந்தது. படகில் பெயர் எழுதுவோர் வளைந்த பரப்பில் எழுத்து எவ்வாறு இழுபடும் என்பதை அறிவர். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் பயின்று தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றோர்க்குத் தொலைநோக்குக் கணக்கு அத்துப்படி. இவர்களுக்குக் கணினி தெரியாது என்பது ஒரு தடையே அன்று. எழும்பூர்க் கல்லூரியில் கையால் வரையப் பயின்று, தமிழ் ஓவியர்களுள் கணினியை முன்னதாகவே கையிலெடுத்த டிராட்ஸ்கி மருதுவின் கோடு எந்தக் கருவியிலும் அவர் கோடாகவே அடையாளம் காணப்படுகிறது.

இக்கல்வி வேலை தருமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். மூன்றே மாதத்தில் மல்டிமீடியா வேலை என்று விளம்பரம் செய்வோரின் உறுதிமொழியை இம்மடல் தரவில்லை. சொற்களைக் கொடுத்தால் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 முதல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. பிறந்தநாள் போஸ்டர் செய்து சம்பாதித்தவரின் வருவாயை அவை நிச்சயம் குறைக்கும். ஆனால் அக்கருவி தந்த படத்தில் விரல் எங்கே பிழைத்தது, நிழல் ஏன் இரண்டு திசையில் விழுகிறது என்று கண்டு திருத்தவல்லவர்க்கே அங்கும் வேலை மிஞ்சும் என்று மடலாசிரியர் கருதுகிறார்; அக்கருத்துப் பொய்த்தாலும், வரையத் தெரிந்த கை வெல்டிங் கடையிலும் தச்சுப்பட்டறையிலும் தையலகத்திலும் பயன்படாமல் போகாது.

ஆகவே வேண்டப்படுவது பெரிய நிறுவனம் அன்று. படிப்பகமோ மன்றமோ தன் அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை இரண்டு மணிநேரம் ஒதுக்கி, பத்துப் பதினைந்து பேர் ஒரே பாடத்திட்டத்தை ஒரே வரிசையில் படிக்க ஏற்பாடு செய்தால் போதும். ஆங்கிலம் அறிந்த கல்லூரி மாணவி ஒருவர் பாடத்தைத் தமிழில் சொல்ல, வரைந்தவற்றைச் சுவரில் ஒட்டிவைத்து, பேனர் ஓவியரோ ஓவிய ஆசிரியரோ சிவப்பு மையால் திருத்த, முதல் மூன்று மாதம் கணினியே இல்லாமல் காகிதமும் பேனாவுமாக நடக்கலாம். அதன்பின் இரண்டு பென் டேப்லட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் தொடக்கத்துக்குப் போதுமானது. அவ்விரண்டையும் மடலாசிரியர் வாங்கி அனுப்புவார். பெண்பிள்ளைகள் வரத் தயங்காத இடமாகவும் நேரமாகவும் அது அமைய வேண்டும் என்பது மட்டும் அவரது நிபந்தனை.

தொடங்குவதற்கு உகந்த காலமும் உள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கீழைக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாட்களில் காசிமேட்டில் படகுகள் அசையாமல் நிற்கும், பள்ளிகளுக்கும் விடுமுறை வரும், கடலுக்குச் செல்லாத பெரியோர் பலர் கரையிலேயே இருப்பர். வரையப் பொருளும், வரைய ஆளும், பார்த்துச் சொல்ல ஆளும் ஒருங்கே கிட்டும் இரு மாதங்கள் அவை. கோடைகாலத்தில் சென்னையில் இரவு எட்டு மணியாகும்போது ரோட்டர்டாமில் மாலை நாலரை. வாரத்தில் ஒருநாள் அவ்வேளையில், சுவரில் ஒட்டிய படங்களைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினால், அயலகத்தில் வாழும் வடசென்னையார் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் மேலும் திருத்தம் வரைந்து மறுநாளே திருப்பியனுப்ப மடலாசிரியர் ஆயத்தமாக உள்ளார். அறை எது, திருத்துவோர் எவர் என்பவை மார்ச் மாதத்துக்குள் முடிவானால் நன்று.

அன்புடன்,
ரோட்டர்டாம்வாழ் இராயபுரத்தார்